பல்லா, மண்டையோடா?

சம்பா அறுவடை முடிந்த மன்னார்குடிப் பக்கத்து வரப்பில் ஒரு எலி மண்டையோடு கிடைத்தது. கிட்டியில் சிக்கிய வயல் எலியாக இருக்கலாம். உளி மாதிரி முன்பற்கள். அழிந்துபோன கொறித்துண்ணிகளின் கதையை எது நன்றாகச் சொல்லும், பல்லா, மண்டையோடா என்று அன்றிலிருந்து யோசிக்கிறேன்.

வம்சாவளிக்கு நான் பல்லையே நம்புவேன். பல்லின் மேற்பூச்சான எனாமல்தான் உடம்பிலேயே கடினமானது. எலும்பு சிதைந்தாலும் அது மிஞ்சும். இமயமலை அடிவாரத்துச் சிவாலிக் படிவுகளில் சுமார் 1.4 கோடி ஆண்டு பழைய ஆன்டீமஸ் எலியின் மேல் கடைவாய்ப்பல்லில் உட்பக்கக் குமிழ்கள் தனித்து நிற்கின்றன. பிறகு வந்த புரோகோனோமிஸில் அவை நடுக் குமிழ்களோடு இணைந்துவிட்டன. கடுகளவுப் பற்களில் இவ்வளவு தெளிவு! நம் வயல் எலியும் அதே குடும்பம்தான்.

முழு மண்டையோடு அபூர்வம். ஆனால் தாடைத் தசை ஒட்டியிருந்த இடத்தை அதுதான் காட்டும். ஆதிகாலக் கொறித்துண்ணியான பாராமிஸில் அந்தத் தசை கன்ன எலும்போடு நின்றது; எலியிலோ அதன் ஒரு பகுதி கண்ணுக்கு முன்னுள்ள துளை வழியே மூக்குப் பக்கம் ஏறிவிட்டது. உருகுவேயில் கிடைத்து 2008-ல் விவரிக்கப்பட்ட, அழிந்துபோன ராட்சதக் கொறித்துண்ணி ஜோசஃபோஆர்டிகாசியாவின் மண்டையோடு மட்டுமே 53 செ.மீ. என் கையில் இருந்தது விரல் நீளம்கூட இல்லை.