பாஸ் காதில் விழ ஒரு வருடம் ஆனது: டேவ் ஹாலண்டின் ‘பிரைம் டைரக்டிவ்’

ஜாஸ் இசைக்கலைஞர் டேவ் ஹாலண்ட் தன் ஐவர் குழுவுடன் வாசித்த இந்த ஆல்பம் எட்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. அதில் முதல் வருடம் வீண். போன் ஸ்பீக்கரில் ஓடவிட்டு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். சாக்ஸபோனும் டிராம்போனும் ஒன்றை ஒன்று மறித்துப் பேசுவது கேட்டது. கலகலப்பாகத்தான் இருந்தது, ஆனால் ஏதோ அந்தரத்தில் தொங்குவது போல. டபுள் பாஸ் என்ற, நிறுத்திவைத்து வாசிக்கும் பெரிய தந்தி வாத்தியத்தின் மிகத் தடித்த கம்பி ஏறக்குறைய 41 ஹெர்ட்ஸில், மிகத் தாழ்வாக, ஒலிப்பது. போன் ஸ்பீக்கருக்கு அந்த ஆழம் எட்டவே எட்டாது. ஆல்பத்தின் தலைவர் ஹாலண்டோ அந்த பாஸ் வாசிப்பவர். மாப்பிள்ளையைப் பார்க்காமலே கல்யாணத்துக்குப் போய்வந்த கதைதான்.

காதை மூடும் ஹெட்போன் ஒன்று வந்த பிறகு முதல் பாட்டிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஹாலண்ட் ஒரு சின்னச் சுழற்சியைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார், மற்ற நால்வரும் அதன்மேல் ஏறி நிற்கிறார்கள். தாளம் போட்டுப் பார்த்தேன். கை எங்கோ தவறியது. பல மாதம் கழித்துத்தான் பிடிபட்டது. இப்போதும் ‘லுக்கிங் அப்’ ஓடும்போது எண்ணிக்கையை விட்டுவிடுகிறேன், சரி, பரவாயில்லை.

இந்தக் குழுவில் பியானோ கிடையாது. ஆரம்பத்தில் அது குறையாகப் பட்டது. அந்த இடத்தில் ஸ்டீவ் நெல்சனின் வைப்ரபோன், உலோகப் பட்டைகளைக் குச்சியால் தட்டி வாசிக்கும் வாத்தியம். அவர் இரண்டு சுரம் தட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார், அந்த ஒலி கரைவதற்குள் கீழே பாஸ் நகர்வது தெளிவாகக் கேட்கிறது. பியானோ இருந்திருந்தால் நிரப்பியிருப்பார்கள். சாக்ஸபோன் வாசிக்கும் கிறிஸ் பாட்டரும் டிராம்போன் வாசிக்கும் ராபின் யூபேங்க்ஸும் ஒரே நேரத்தில் கற்பனையில் இறங்கினாலும் இரைச்சலாகாததற்கு இந்தக் காலியிடமே காரணம் என்பது என் கணிப்பு. பில்லி கில்சனின் டிரம்ஸ் மட்டும் சில இடங்களில் எனக்குக் கொஞ்சம் அதிகம்.

1998இல் நியூயார்க்கில் பதிவு செய்தபோது ஹாலண்டுக்கு 52 வயது. முப்பது வருடம் முன்னால், 1968இல், லண்டன் கிளப் ஒன்றில் இவர் வாசிப்பைக் கேட்டு ஜாஸ் டிரம்பெட் மேதை மைல்ஸ் டேவிஸ் தன் குழுவுக்கு அழைத்துக்கொண்டார். அத்தனை அனுபவம் உள்ளவர் பாட்டுக்குப் பாட்டு தனி ஆவர்த்தனம் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. எழுதுவதில்கூடக் குழுவினருக்குப் பங்கு கொடுத்திருக்கிறார்.

குறை ஒன்று உண்டு, நீளம். ஒன்பது பாட்டு, எழுபது நிமிடத்துக்கு மேல். ஒரே மூச்சில் முழுதாகக் கேட்டது இத்தனை வருடத்தில் நாலைந்து தடவைதான். பாதியில் காது சோர்ந்துவிடுகிறது. அதனால் இரண்டாகப் பிரித்துக்கொண்டேன்: முதல் நான்கு ஒரு நாள், மீதி இன்னொரு நாள். அப்புறம், ‘கேண்டில்லைட் விஜில்’ மட்டும் எந்தக் கணக்கிலும் சேராது. மெதுவான பாட்டு, இரவில் விளக்கை அணைத்த பிறகு, அது ஒன்றை மட்டும் போட்டுக் கேட்டுவிட்டுத் தூங்கிவிடுவேன்.