சொந்த இயந்திரமா, கூட்டுறவுக் கம்பியா?

1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. ஆதாயமில்லை என்று தனியார் நிறுவனங்கள் பெரும்பாலும் நகரத்தோடு நின்றுவிட்டன. வசதியுள்ள விவசாயி வீட்டிலேயே மின்சாரம் தயாரிக்கும் டெல்கோ-லைட் வாங்கினார்: எண்ணெய் இயந்திரம், பேட்டரிகள், 32 வோல்ட். விளக்கு எரியும், யாரையும் எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் சாதனங்களையும் 32 வோல்ட்டுக்கென்றே தேட வேண்டும்.

1935-இல் அதிபர் ரூஸ்வெல்ட் ஊரக மின்மயமாக்கல் நிர்வாகத்தை அமைத்தபின் மற்ற வழி திறந்தது: அரசுக் கடன், விவசாயிகளே உறுப்பினர்களான கூட்டுறவு. டெக்சஸ் மலைநாட்டில் பெடர்னாலெஸ் கூட்டுறவு 1938-இல் உருவானது. கம்பி வரும்வரை காத்திருக்க வேண்டும், உண்மைதான். இருந்தும் என் வாக்கு இதற்கே. கிணற்றிலிருந்து வாளி வாளியாக நீர் சுமந்து முதுகு கூனிய பெண்களுக்கு மோட்டார் பம்பு கிடைத்தது. இஸ்திரிப் பெட்டியை விறகடுப்பில் காய்ச்சிய கொடுமை ஒழிந்தது. அதுவும் இயந்திரம் வாங்க வழியில்லாத அடுத்த வீட்டுக்கும் சேர்த்து.