சோலைக் காசித்தும்பைக்கு இந்த பிரஸ் போதுமா?

ஆய்வகப் பொருள் கடைகளில் செட்டாகக் கிடைக்கும் 12க்கு 18 அங்குல ஹெர்பேரியம் பிரஸ், அதாவது செடியை அழுத்திக் காயவைத்துச் சேகரிக்கும் சாதனம் இது: இரண்டு மரச்சட்டம், உள்ளே நெளிவரி ஓடும் அட்டைகள், ஈரம் உறிஞ்சும் பிளாட்டிங் பேப்பர், இரண்டு பட்டை. மூணாறு, தேவிகுளம் பக்கத்துச் சோலைகளில் மழைக்காலத்தில் பூக்கும் காசித்தும்பைகளுக்கு என்று பார்த்தால் சட்டம் அருமை, அட்டை நன்று, பட்டையும் தாளும் தேறாது.

ரீப்பர்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்து, ஆணி முனைகளை மடக்கி அடித்திருக்கிறார்கள். மேலே ஏறி நின்று இறுக்கினாலும் சட்டம் வளையவில்லை. அட்டையின் உள்வரிகள் 12 அங்குலப் பக்கமாக ஓடுகின்றன. ஈரக்காற்று குறுகிய வழியில் வெளியேற அதுதான் சரி. நெடுக்கே வரி ஓடும் அட்டையைக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

பட்டையின் பக்கிள் வழுக்குகிறது. செடி காயக் காயக் கட்டு மெலியும். அந்த நேரத்தில் இறுக்கம் விட்டால் இலை சுருங்கிவிடும், பிறகு என்ன அழுத்தினாலும் நிமிராது. சாமான் கட்டும், பல்சக்கரம் வைத்த ராட்செட் பட்டை போட்டுக்கொண்டு காலையும் மாலையும் ஒரு பல் ஏற்றுங்கள்.

பெரிய குறை தாள்தான். காசித்தும்பைத் தண்டு முழுக்க நீர். இந்த மெல்லிய பிளாட்டிங் பேப்பர் ஒரே இரவில் நனைந்து கூழாகிறது. மாற்றாமல் விட்டால் பூசணம் பிடித்து, தண்டு கறுத்து, இலை கணுவோடு கழன்றுவிடும். கனமான தாளாக இரண்டு செட் வேண்டும்: ஒன்று பிரஸ் கட்டுக்குள், மற்றது உலர்த்தலில். முதல் நாள் இரண்டு தடவை, பிறகு தினம் ஒரு தடவை மாற்ற வேண்டும். பருத்த தண்டை நீளவாக்கில் பிளந்து வையுங்கள்.

பூவுக்கு இந்த செட்டில் எதுவுமே இல்லை. வால் நீண்ட கீழ்ப் புல்லி (பூவின் வெளியடுக்கு இதழ்), இருபுறமும் இரண்டிரண்டாக ஒட்டிய இறக்கை இதழ்கள், சூலகத்தைத் தொப்பிபோல் மூடும் ஐந்து மகரந்தத்தாள்கள், இவற்றை வைத்துத்தான் இனம் பிரிக்கிறோம். மொத்தமாக அழுத்தினால் எல்லாம் ஒரே கறையாகிவிடும். ஒரு பூவைப் பிரித்து, உறுப்பு உறுப்பாக டிஷ்யூ பேப்பரில் பரப்புங்கள். பிளாட்டிங் பேப்பரை மாற்றும்போது டிஷ்யூவைத் திறக்கவே கூடாது, இதழ் கிழிந்து வரும். இன்னும் இரண்டு பூக்களை 70% ஆல்கஹாலில் குப்பியில் போட்டு, காய்ந்த செடியை ஒட்டும் ஷீட்டின் அதே எண்ணைப் பென்சிலால் எழுதி உள்ளே இடுங்கள். நிறம் எதிலும் நிற்காது. செடி நிற்கும் இடத்திலேயே படம் எடுத்து, நிறத்தை நோட்டில் குறிக்க வேண்டும். முற்றிய காய் தொட்டால் வெடிக்கும், அதற்குத் தனிக் காகித உறை.

மழை விடாத வாரத்தில் ஏலக்காயைச் சூடேற்றிக் காயவைக்கும் ஏலக்காய் ஸ்டோரில் ஓரமாக இடம் கேட்டு, பிரஸ் கட்டை நிமிர்த்தி வைக்கலாம். 45 டிகிரியைத் தாண்ட வேண்டாம், இலை நொறுங்கும்.

வனத்துறையின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இலைகூடப் பறிக்காதீர்கள். ஒரு பாறையில் பத்துச் செடி மட்டுமே இருந்தால், அனுமதி இருந்தாலும் படத்தோடு நிறுத்துவதே முறை.

சட்டமும் அட்டையும் தனியாகக் கொடுத்தால் அவற்றை மட்டும் வாங்குங்கள்.