பொங்கல் மேடைக்கு யார்: பென்னிகுவிக்கா, காட்டனா?

குமுளியில் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்யும்போது வரும் கேள்வி இது. இருவருமே சென்னை மாகாணத்தில் வேலை பார்த்த ராணுவப் பொறியாளர்கள்.

ஆர்தர் காட்டன் சமவெளிக்காரர். மணல் ஆற்றில் கல்லணை எப்படி நிற்கிறது என்று பார்த்துக் கற்றுக்கொண்டு, அந்தப் பாடத்தைக் கோதாவரிக்குக் கொண்டுபோனார். தவளேஸ்வரம் அணை 1852-ல் முடிந்தது. ரயிலைவிடக் கால்வாய்தான் முக்கியம் என்று பின்னாளில் லண்டனில் வாதாடினார்.

பென்னிகுவிக்குக்குக் கிடைத்தது மலை. அரபிக்கடலுக்கு ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே வைகைக்குத் திருப்ப வேண்டும். 1887-ல் வேலை தொடங்கியது. கட்டியதை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. காய்ச்சல் ஆட்களைக் கொன்றது. அவர்களில் சிலருடைய கல்லறைகள் அணைக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. அவர்களைச் சொல்லாமல் பேச்சை முடிக்கவே கூடாது. சுண்ணாம்பும் சுர்க்கியும் (சுட்ட செங்கல் பொடி) குழைத்துக் கட்டிய அணை 1895-ல் திறக்கப்பட்டது. பொதுப்பணித் துறைச் செயலர், சட்டசபை உறுப்பினர் பதவிகளும் அவருக்கு வந்தன. அப்புறம் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரித் தலைவர்.

பாசனப் பரப்பில் காட்டன் பக்கம்தான் கனம். கொள்கை விவாதத்தில் ஆர்வமுள்ள பெரிய வகுப்புப் பிள்ளைக்கு அவரைக் கொடுக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு என் தேர்வு பென்னிகுவிக். மலை இறங்கினால் லோயர் கேம்பில் அவர் மணிமண்டபம். பிறந்த நாள் ஜனவரி 15. கம்பம் பள்ளத்தாக்கில் அன்று அவருக்குப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைகள் நேரில் பார்த்துவிட்டே பேசலாம்.