இனாமா, தள்ளுபடிக் கடனா: வாடகை வீட்டு ஈய ஒழிப்பு மானியத்தை எப்படிக் கொடுப்பது?

வாடகை வீடுகளில் உள்ள ஈயப் பெயின்ட் ஆபத்தை நீக்க, அமெரிக்க மத்திய அரசின் வீட்டுவசதித் துறையான ஹட், நகரங்களுக்கும் கவுன்டிகளுக்கும் பணம் தருகிறது. யாருக்காகச் செலவழிக்கலாம் என்பதை 1992ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்லிவிட்டது. வீட்டு ஓனரிடம் அந்தப் பணம் எந்த வடிவில் போய்ச் சேர வேண்டும் என்பதில்தான் ஊருக்கு ஊர் வழக்கம் மாறுகிறது. சில இடங்களில் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு இனாமாகக் கொடுத்துவிடுகிறார்கள். வேறு சில இடங்களில் அதே தொகையை வட்டியில்லாக் கடனாக எழுதி, வீட்டின் மேல் வில்லங்கம் பதிந்து, ஆண்டுக்கு இவ்வளவு என்று தள்ளுபடி செய்கிறார்கள். நிபந்தனைகளை மீறாத ஓனர் ஒரு சென்ட்கூடத் திருப்பித் தர வேண்டியதில்லை.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் ஒரு சிறிய நகரத்தில் இந்தத் திட்டத்தின் கோப்புகளைப் பார்ப்பது என் வேலை. போன சுற்று நிதி வந்தபோது இனாமிலிருந்து கடனுக்கு மாறினோம். மாறியே ஆகவேண்டும் என்று நச்சரித்தவர்களில் நானும் ஒருவன், அதனால் என்னிடம் நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு முறைக்கும் பொதுவானதை முதலில் முடித்துவிடலாம். வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 1978இல் தடை செய்யப்பட்டது, ஆகவே அதற்கு முன் கட்டிய வீடுகள்தான் கணக்கில் வரும். பெயின்ட்டிலுள்ள ஈயத்தை எக்ஸ் கதிரால் அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவியோடு ஆய்வாளர் வருவார். சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் காட்டினால் அது ஈயப் பெயின்ட். மேலும் கீழும் இழுக்கும் பழைய மர ஜன்னல், நிலையில் உரசும் கதவு, மழையில் நனையும் போர்ச், இந்த மூன்றும்தான் பெரும்பாலும் வில்லன்கள். சான்று பெற்ற கான்ட்ராக்டர் வேலையை முடித்ததும் தரையிலும் ஜன்னல் விளிம்பிலும் படிந்த தூசியைத் துடைத்தெடுத்து, அதில் ஈயம் எவ்வளவு என்று பார்க்க லேபுக்கு அனுப்ப வேண்டும். தரைக்கு சதுர அடிக்கு 10 மைக்ரோகிராம் என்றிருந்த வரம்பை, சுற்றுச்சூழல் துறையான இபிஏ 2024 இறுதியில் 5ஆகக் குறைத்தது. ஜன்னல் உள்விளிம்புக்கு 100 என்பது 40 ஆனது. இனாமானாலும் கடனானாலும் இதில் எதுவும் மாறாது.

இனாமின் பலம் வேகம். ஒப்பந்தம் சில பக்கங்கள்தான், வக்கீல் தேவையில்லை, வங்கியிடம் கேட்க வேண்டியதில்லை. இத்திட்டங்களில் உண்மையான தலைவலி பணம் போதாததல்ல, ஓனர்கள் வராததுதான். ஹட் ஒவ்வொரு காலாண்டும் எத்தனை வீடு முடிந்தது என்று கேட்கும். நாமோ, கணவர் விட்டுப்போன இரண்டு குடித்தன மரவீட்டை வைத்துக் காலம் தள்ளும் ஒரு பாட்டியம்மாவை ஃபோனில் சமாதானப்படுத்திக்கொண்டிருப்போம். அவரிடம் 'கடன்' என்று வாயைத் திறந்தாலே பேச்சு முடிந்துவிடும். மேல்மாடியில் தவழும் குழந்தைக்கு எந்தப் பத்திரத்தில் எழுதிப் பணம் வந்தால் என்ன? இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் எனக்கு அது போதவில்லை.

காரணம் ஒன்றே ஒன்று: வீடு விற்கப்படுகிறது.

சட்டம் கேட்பது என்ன? உதவி பெறும் வாடகைக் குடியிருப்புகளில் குறைந்தது பாதி, அந்த வட்டாரத்தின் நடு வருமானத்தில் 50 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்கு; மற்றவை, சில விலக்குகள் தவிர, 80 சதவீதத்துக்கு மிகாதவர்களுக்கு. வேலை முடிந்தபின் குறைந்தது 3 ஆண்டுகள், 6 வயதுக்குட்பட்ட குழந்தை உள்ள குடும்பங்களுக்கு முன்னுரிமை. வேலை நடப்பது சில வாரம், நிபந்தனை ஓடுவது ஆண்டுக்கணக்கில். புது ஜன்னல் போட்ட பழைய வீடோ சந்தையில் நன்றாகப் போகும். எங்கள் ஊரில் இத்தகைய வீடுகள் அடிக்கடி கைமாறுகின்றன. வாங்குவது பெரும்பாலும் வெளியூரிலிருக்கும் ஏதோ ஒரு எல்எல்சி, அதாவது வீட்டைத் தன் பெயரில் வைத்திருக்கும் ஒரு கம்பெனி.

இனாம் ஒப்பந்தத்தைப் பதியாமல் விட்டால் அது கையெழுத்துப் போட்டவரை மட்டுமே கட்டும். வாங்கியவருக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. நமக்கும் தெரியாது, ஆண்டுக் கடிதம் 'முகவரியில் இல்லை' என்று திரும்பி வரும்வரை. அதற்குள் வாடகை ஏறியிருக்கும், குழந்தையோடு இருந்த குடும்பம் வேறெங்கோ போயிருக்கும். பழைய ஓனர் மேல் வழக்குப் போடலாம்தான். எந்த நகராட்சி வக்கீல் அதற்கு நேரம் ஒதுக்குவார்?

வில்லங்கம் பதிந்திருந்தால் கதை வேறு. விற்பனைக்கு முன் மூலப்பத்திரம் தேடும்போது அது கண்ணில் படும், பாக்கி எவ்வளவு என்று கேட்டு வக்கீல் ஆபீசிலிருந்து ஃபோன் வரும். 15,000 டாலர், 5 ஆண்டு, ஆண்டுக்கு ஐந்தில் ஒரு பங்கு தள்ளுபடி என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு முடிந்து விற்றால் 9,000 டாலர் திரும்பி வரும். அதை வைத்து வேறு ஜன்னல்கள் மாற்றலாம். ஆனால் எனக்கு அந்தப் பணத்தைவிட அந்த ஃபோன்தான் முக்கியம். வாங்குபவரிடம், 'பணம் கட்ட வேண்டாம், அதே நிபந்தனைகளில் கையெழுத்துப் போடுங்கள், வில்லங்கம் உங்கள் பெயரில் தொடரும்' என்று சொல்ல அப்போதுதான் வாய்ப்புக் கிடைக்கிறது. பலர் ஒப்புக்கொள்கிறார்கள், கட்டாமல் தப்புவது யாருக்குத்தான் பிடிக்காது.

பராமரிப்பும் இதிலேயே அடங்கும். வீட்டிலுள்ள ஈயம் முழுவதையும் யாரும் எடுத்துவிடுவதில்லை, பணம் எட்டாது. ஜன்னலை மாற்றுவோம், உரிந்த சுவரை ஈரம் வைத்துச் சுரண்டி, நிலைப்படுத்தி, மேலே பூசுவோம். நிரந்தர ஒழிப்பு என்று பெயர் பெற 20 ஆண்டு தாங்க வேண்டும் என்பது ஹட் இலக்கணம். பூசிவிட்ட சுவர் அந்தக் கணக்கில் வராது. கூரை ஒழுகினால் மறுபடி உரியும், போர்ச் தரை ஒவ்வொரு குளிர்காலமும் வெடிக்கும். ஆகவே ஆண்டுக்கொரு முறை யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும். பதிந்த கடன் இருக்கும்வரை ஓனர் கதவைத் திறக்கிறார், இனாம் வாங்கியவர் 'அடுத்த வாரம் பார்ப்போம்' என்கிறார். மனிதர்கள் கெட்டவர்கள் என்பதல்ல, அவர்களுக்கு வேறு அவசரங்கள்.

இதற்கு ஆபீஸ் கொடுக்கும் விலை சாதாரணமானதல்ல. ஓனர் மறுநிதி வாங்க, அதாவது பழைய வீட்டுக் கடனை அடைத்துப் புதுக் கடன் எடுக்கப் போனால், நகரத்தின் கடன் தன் கடனுக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்று புது வங்கி எழுதிக் கேட்கும். அதற்கொரு பத்திரம், ஒரு கையெழுத்து, ஒரு அவசரம். வங்கி வட்டி விழும் காலத்தில் இந்தக் கடிதங்களே மேசையை நிறைத்துவிடும். தள்ளுபடி முடிந்ததும் வில்லங்கத்தை நீக்கிப் பதிய வேண்டும். மறந்தால் ஓனர் திட்டுவார், அது நியாயமும்கூட.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வங்கியின் முதல் அடமானம் ஜப்திக்குப் போனால் பின்னால் நிற்கும் எங்கள் கடன் அழிந்துபோகலாம். சொத்துவரி பாக்கிக்காக வீடு போனாலும் அதே கதிதான். அப்புறம், எங்கள் அனுபவம் இரண்டு மூன்று குடித்தன மரவீடுகளோடு சரி. நாற்பது குடியிருப்புக் கட்டடத்துக்கு இது பொருந்துமா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். 'கடன்' என்ற சொல்லைக் கேட்டே விண்ணப்பிக்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்பதும் எந்தக் கோப்பிலும் பதிவாவதில்லை. அவர்களை நினைத்துத்தான் போர்ச் படி, ஓரிரு ஜன்னல் போன்ற சின்ன வேலைகளை இனாமாகவே விட்டுவைத்தோம்.

இங்கே வாடகைக்கு வீடு வாங்கிப் போட்டிருக்கும் நம்மவர்கள் சிலர், 'பரிசோதனையே வேண்டாம், குழந்தை இல்லாதவர்களுக்கு விட்டால் போச்சு' என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். குழந்தை இருப்பதைக் காரணம் காட்டி வீடு மறுப்பது, சில விலக்குகள் தவிர, 1988ஆம் ஆண்டு மத்தியச் சட்டத் திருத்தத்தின்படி சட்டவிரோதம். பரிசோதித்தால் முடிவை வாடகைக்கு வருபவரிடமும் வாங்குபவரிடமும் காட்ட வேண்டும் என்பது உண்மை. ஆனால் அது இனாமுக்கும் கடனுக்கும் ஒன்றுதான்.

உங்கள் ஊரில் கடன் முறை இருந்தால் பத்திரத்தில் மூன்று இடங்களைப் படியுங்கள். வாங்குபவருக்கு மாற்றலாமா? மறுநிதியின்போது நகரம் பின்னால் நிற்குமா? தள்ளுபடி ஆண்டுதோறும் நடக்கிறதா, அல்லது கடைசி நாளில் மொத்தமாகவா? கடைசி நாளில் மொத்தமாக என்றிருந்தால், கெடு முடிய ஒரு மாதம் இருக்கும்போது விற்றாலும் முழுத்தொகையையும் கேட்பார்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.