பழைய அணையா, நிரம்பிவரும் புது அணையா: தூண்டிலோடு எங்கே போகலாம்?

பதினைந்து வருடமாக ஒரே பழைய நீர்த்தேக்கத்தில்தான் தூண்டில் போட்டுவந்தேன். எந்தப் பாறையடியில் விரால் கிடக்கும், எந்த மாதம் கெண்டை கரையொதுங்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. இரண்டு வருடம் முன்பு புது அணை ஒன்றில் தண்ணீர் தேக்க ஆரம்பித்ததும் அங்கே மாறிவிட்டேன். "எது நல்லது?" என்று கேட்பவர்களுக்கு என் பதில் இப்போதைக்குப் புதுசுதான். ஏன் என்று சொல்கிறேன்.

பழையதன் வசதிகளை யாரும் மறுக்க முடியாது. நடக்கப் பாதை, உட்காரக் கெட்டியான கரை, தெரிந்த ஆழம். புதிதாகத் தூண்டில் பிடிக்கும் பிள்ளையை அழைத்துப் போவதென்றால் நானும் அங்கேதான் போவேன். அது போதும், விஷயத்துக்கு வருவோம்.

பழைய நீர்த்தேக்கத்துக் கெளுத்தியை அறுத்தால் குடலில் சேறும் இரண்டொரு சிறு நத்தையும்தான் இருக்கும். புது அணையில் பிடித்த முதல் கெளுத்தியின் வயிற்றைக் கீறியபோது வெட்டுக்கிளிக் கால்கள், எறும்புகள், முழுசாக ஒரு பிள்ளைப்பூச்சி, செரிக்காத மண்புழுக்கள் என்று திணித்து வைத்தாற்போல் இருந்தன. எல்லாமே தரையில் வாழ்கிற உயிர்கள். அந்த மீன் நிலத்தை மேய்ந்துகொண்டிருந்தது!

தண்ணீர் ஏறும்போது புல்லும் புதரும் சருகும் மூழ்கி அழுகுகின்றன. மண்ணிலிருந்தும் அழுகலிலிருந்தும் தழைச்சத்தும் மணிச்சத்தும் தண்ணீரில் கரைய, பாசி பெருகுகிறது. பாசியைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. மீன்குஞ்சுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. மூழ்கிய செடிகளுக்குள் ஒளிந்துகொள்ள இடமும் கிடைப்பதால் நிறையக் குஞ்சுகள் பிழைக்கின்றன. நிற்கிற மரங்களும் வீணில்லை. 1965-இல் கட்டி முடித்த அகோசோம்போ அணையால் உருவான கானாவின் வோல்டா ஏரியில், மூழ்கிய மரங்களைக் குடைந்து வாழும் ஒருவகைப் பூச்சிப்புழு மீன்களுக்கு முக்கிய உணவானது.

ஆனால் புது அணை என்பதற்காக எல்லா நாளும் மீன் கடித்துவிடாது. தீர்மானிப்பது ஒன்றே ஒன்று: நீர்மட்டம் ஏறுகிறதா, நிற்கிறதா, இறங்குகிறதா என்பது. நான் போனதும் செய்கிற முதல் வேலை, நீரோரத்தில் ஒரு குச்சியை நடுவது. ஒரு நாள் காலையில் நட்ட குச்சி சாயங்காலம் இரண்டு முழம் தண்ணீருக்குள் நின்றது. அன்று முழங்கால் ஆழத்தில், பாதி மூழ்கிய புல்லுக்குள் மீன்கள் புரள்வது கண்ணுக்கே தெரிந்தது. புல்நுனிகள் காற்றில்லாமல் ஆடின. தக்கையைச் சாணளவில் வைத்து, மண்புழு கோத்துப் போட்டால் போதும், இழுத்துக்கொண்டு ஓடியது. அப்புறம் மட்டம் ஒரு வாரம் அசையாமல் நின்றது. புல் பழுத்து வழவழத்துப் போனது, கடியும் பாதியாகக் குறைந்தது. மதகைத் திறந்து மட்டம் இறங்கிய நாட்களிலோ ஓரத்தில் ஒன்றுமே இல்லை. ஆழத்துக்கு நகர்ந்துவிட்டன போலும். பழைய தேக்கத்திலும் மட்டம் ஏறி இறங்கும்தான். ஆனால் அங்கே பல வருடம் அலை அரித்த ஓரம் வெறும் கல்லும் மண்ணுமாகக் கிடக்கிறது. ஏறினாலும் மீனுக்குப் புதிதாக மேய எதுவும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் கரையிலிருந்து பிடிப்பவன். படகில் போய் நடு ஆழத்தில் போடுபவர்களுக்கு இந்தக் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது.

புது அணைக்குக் கெட்ட முகமும் உண்டு. அழுகல் அதிகமானால் அடித்தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். 1964-இல் நிரம்பத் தொடங்கிய, தென்னமெரிக்க நாடான சுரினாமின் புரோகோபோண்டோ நீர்த்தேக்கத்தில் காட்டை வெட்டாமலே மூழ்கவிட்டதால், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் வாயு கிளம்பியது. அந்த நாற்றம் வந்தால் ஆழத்தில் தூண்டிலை இறக்கிப் பயனில்லை, மேல்மட்டத்தில் போடுங்கள். தூண்டில் முள்ளும் நரம்புக் கயிறும் புதரில் மாட்டி அறுவது தினப்படி. அதைவிடப் பெரிய ஆபத்து, போன மாதம் வயலாக இருந்த இடத்தில் கிணறு மூழ்கியிருக்கலாம். தெரியாத ஓரத்தில் இறங்கி நடக்கவே நடக்காதீர்கள்.

சாப்பிடுவதில் பழையதுதான் மேல். புதிதாக மூழ்கிய மண்ணில் நுண்ணுயிர்கள் பாதரசத்தை மீன் உடலில் சேரும் வடிவத்துக்கு மாற்றுகின்றன. மீனைத் தின்னும் மீனில் அது அதிகம் சேரும். கனடாவின் கியூபெக் நீர்த்தேக்கங்களில் அந்த அளவு பழைய நிலைக்கு இறங்கப் பல பத்து ஆண்டுகள் பிடித்தது. அதனால் புது அணையின் பெரிய விராலை நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை, விட்டுவிடுகிறேன். சிறிய கெண்டையும் ஜிலேபியும் மட்டும்தான்.

இந்தச் செழிப்பு நிரந்தரமில்லை. ஆப்பிரிக்காவின் கரீபா அணையில் 1958 டிசம்பரில் தண்ணீரை அடைத்தார்கள், 1963-இல் நிரம்பியது. கரையோர மீன்பிடி அந்த நாட்களில் கொழித்துவிட்டு அப்புறம் சரிந்தது. நடு ஏரிக்காக டாங்கனிகா ஏரியிலிருந்து கப்பென்டா என்ற சிறு மீனை 1967-68-இல் கொண்டுவந்து விட்டார்கள். புது அணையின் செழிப்பு பொதுவாக ஐந்திலிருந்து பத்து வருடம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இங்கே இன்னும் மேல்மட்டத்துப் புல்வெளி மூழ்கவில்லை. அதனால் அடுத்த மழைக்கும் குச்சியோடு அங்கேதான் போகிறேன். குச்சி வாரக்கணக்கில் ஈரமாகாமல் நிற்கிற வருடம் வந்தால், பழைய பாறையடிக்கே திரும்புவேன்.