எட்டு வருஷமாக எங்கள் ஃபிரிட்ஜில் இருக்கும் தெர்மாமீட்டர்

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல் அடித்த நாள். குழித்துறைப் பக்கம் ரப்பரும் வாழையும் கம்பிமேல் சாய்ந்து கிடந்தன. எங்கள் வீட்டில் ஒன்பது நாள் கரண்ட் இல்லை. இரண்டாம் நாள் ஃபிரிட்ஜில் இருந்த சூரை மீனை மாமி மோந்து பார்த்து, "ஒண்ணும் ஆகல்ல மக்ளே, குழம்பு வை" என்றார். வைத்தேன். சாப்பிட்ட அரைமணி நேரத்தில் பிள்ளைக்கு முகமெல்லாம் சிவந்து, தலைவலி, வாந்தி. சூரை, அயிலை, சாளை எல்லாம் குளிர் விட்டுக் கிடந்தால் ஹிஸ்டமின் என்கிற நஞ்சு சேரும், அது கொதிக்க வைத்தாலும் போகாது, வாடையிலும் தெரியாது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த மாதமே மார்த்தாண்டத்தில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கினேன். முதலில் வாங்கியது உள்ளே தொங்கவிடும் வகை. அதைப் பார்க்கக் கதவைத் திறக்கணும், திறந்தால் குளிர் போய்விடும். ஆறே மாதத்தில் மாற்றிவிட்டேன். இப்போது இருப்பது வயர் வைத்தது. அதன் நுனி நடுத்தட்டில் கிடக்கும், எண் தெரியும் பெட்டி வெளியே கதவில் ஒட்டியிருக்கும். வயர் மெல்லிசு என்பதால் கதவு ரப்பர் சரியாகவே மூடுகிறது. ஜூன் மழைக்கு முன்னால் ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை, நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்த டம்ளரில் நுனியைப் போட்டுப் பார்ப்பேன். பூஜ்யம் காட்டினால் சரி.

கரண்ட் போனால், கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜில் குளிர் நாலு மணி நேரம் தாங்கும் என்பது பொதுக் கணக்கு. மேல்தட்டில் நாலு ஐஸ் பாட்டில் வைத்ததில் எங்கள் வீட்டில் ஆறு மணி நேரம் வரைகூட 4 டிகிரியைத் தாண்டவில்லை. பாட்டிலை நிறைய ஊற்றாதீர்கள், உறையும்போது வெடிக்கும். 4 டிகிரியைத் தாண்டி இரண்டு மணி நேரம் ஆகிவிட்டால் மீன், இறைச்சி, பால், சோறு, தேங்காய் அரைத்த குழம்பு எதையும் நான் வைப்பதில்லை. சோற்றைத் திரும்பச் சூடாக்கினாலும் அதில் ஊறிய நஞ்சு சாகாது. ஊறுகாய், கருவாடு, முழுத் தேங்காய்க்குப் பயமில்லை.

வெளியூர் போகும்போது மட்டும் தெர்மாமீட்டர் உதவாது. அதற்கு ஃபிரீசரில் ஒரு டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, மேலே ஒரு ரூபாய்க் காசு வைத்துவிட்டுப் போவேன். நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம் முடிந்து இரண்டு நாள் கழித்து வந்தபோது ஃபிரீசரில் கோழி கல்லாட்டம்தான் இருந்தது. ஆனால் காசு டம்ளரின் அடியில், ஐஸுக்குள் மங்கலாகத் தெரிந்தது. எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்கிறது. ஒரு கிலோ கோழியைத் தென்னை மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன்.